சர்வகலாசாலைகளின் கதை – 14: வெளியூர்ப் பரீட்சகர்

சென்ற பகுதியில், 1869 முதல் நாற்பது ஆண்டுக்காலம் ஹார்வர்டின் தலைவராக வீற்றிருந்த சார்லஸ் எலியட், மாணாக்கன் தனக்கு வேண்டிய பாடங்களைத் தானே தெரிந்தெடுத்துக்கொள்ளலாம் என்று கலாசாலையின் கதவுகளைத் திறந்துவிட்ட வரலாற்றைக் கண்டோம். அந்தத் திறப்பு அக்காலத்துக்கு வேண்டிய திறப்புத்தான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் பின்விளைவாக, இந்தப் பாடத்துக்கு வாரம் மூன்று மணி, அந்தப் பாடத்துக்கு இரண்டு மணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பிட்டு, இத்தனை மணி சேர்ந்தால் பட்டம் என்று வரவு வைத்துக்கொண்டே போகும் ஒரு மளிகைக்கடைக் கணக்கு அமெரிக்கக் கலாசாலைகளில் நிலைபெற்றுவிட்டது. பருவத் தொடக்கத்தில் ஒரு பாடத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்வது, ஆசிரியர் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது, பருவ முடிவில் அதே ஆசிரியர் வைக்கும் பரீட்சையை எழுதி அவர் தரும் மதிப்பெண்ணைக் கணக்கில் ஏற்றிக்கொள்வது, ஏற்றிக்கொண்ட மறுநாளே அந்தப் பாடத்தை மறந்துவிடுவது என்பதே நான்காண்டுப் படிப்பின் கிரமமாயிற்று.

இந்தக் கிரமத்தில் நடுத்தர மாணாக்கனுக்குப் பெரிய குறையொன்றும் இருக்கவில்லை; மந்த மாணாக்கனுக்கோ அது பெரிய அநுகூலம். இடர்ப்பட்டவன் கெட்டிக்கார மாணாக்கனே. வகுப்பு முழுவதற்கும் விதிக்கப்பட்ட நடையைவிட வேகமாக நடக்க அவனுக்கு அநுமதி இல்லை. ஒரு பொருளில் ஆழ்ந்து கிடக்க விரும்பினாலும் அடுத்த மணி அடித்துவிடும். 1900-ஆம் ஆண்டில் இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த அமெரிக்கக் கலாசாலை மாணாக்கர் தொகை, முதல் மகாயுத்தம் முடிந்த கையோடு, 1920-இல், ஆறு லட்சத்தை எட்டிவிட்டது என்பதை நோக்கினால், ஒவ்வொருவனுடைய நடைக்கும் ஏற்பப் பாதை போட்டுக் கொடுப்பது எத்தனை அரிது என்பதும், அந்த அருமையைக் காரணம் காட்டி அதைப் பற்றி எண்ணாமலே இருந்துவிடுவது எத்தனை எளிது என்பதும் விளங்கும்.

எண்ணியவர்கள் இல்லாமலில்லை. பிற்காலத்தில் நாட்டின் ஜனாதிபதியாக விளங்கிய உட்ரோ வில்சன், 1905-இல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் தலைவராக இருந்தபோது, சிறு குழுக்களாக மாணாக்கரைக் கூட்டி வைத்துப் பேசுவதற்கென்றே இளம் ஆசிரியர்களை நியமித்தார். எலியட்டுக்குப் பின் ஹார்வர்டுக்கு வந்த லாவெல், சிதறிக் கிடந்த பாடங்களை ஒரு துறையைச் சுற்றித் திரட்டினார். மேற்குக் கரையில் 1911-இல் வகுப்புத் தொடங்கிய ரீட் கலாசாலை, பட்டம் பெறுமுன் ஒவ்வொரு மாணாக்கனும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி அதை வாய்மொழியாக நிலைநாட்ட வேண்டும் என்று விதித்தது. நியூயார்க்கின் கொலம்பியா சர்வகலாசாலையில் ஜான் எர்ஸ்கின் 1920-இல் தேர்ந்த மாணாக்கருக்கென ஒரு வகுப்பு அமைத்து, உலகத்துப் பெருநூல்களை வாரத்துக்கொன்றாக வாசித்து இரண்டு ஆசிரியர் முன்னிலையில் விவாதிக்கச் செய்தார். இவையெல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால் இவற்றுள் எதுவும், கற்பிக்கிறவனே பரீட்சகனாகவும் இருக்கும் அமெரிக்க வழக்கத்தை அடியோடு மாற்றத் துணியவில்லை. அந்தத் துணிவு வந்தது பிலடெல்பியா நகருக்கு அருகே, ஏறத்தாழ ஐந்நூறு மாணாக்கரே படித்த ஸ்வார்த்மோர் என்னும் ஒரு சிறு கலாசாலையிலிருந்து.

அதன் தலைவராக 1921-இல் வந்து சேர்ந்த பிராங்க் ஏடலாட், இந்தியானா மாகாணத்தில் சல்லிவன் என்னும் சிற்றூரில் 1880-இல் பிறந்தவர். அம்மாகாணத்துச் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, ஹார்வர்டில் எம்.ஏ. முடித்து, 1905-இல் ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டுக்குச் சென்றார். தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் பெரும் பொருள் ஈட்டிய செசில் ரோட்ஸ், 1902-இல் மரிக்குமுன் எழுதிவைத்த உயிலின்படி அமெரிக்க இளைஞரும் ஆக்ஸ்போர்டில் படிக்க வழி ஏற்பட்டு அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. ரோட்ஸின் ராஜ்ய நோக்கங்களைப் பற்றி நமக்கு எத்தகைய அபிப்பிராயம் இருந்தாலும், அவருடைய பொருள் ஏடலாட்டை ஆக்ஸ்போர்டின் பிரேஸ்நோஸ் கலாசாலையில் கொண்டுபோய் விட்டது என்பதும், அங்கே அவர் கண்டது அமெரிக்காவின் கல்விச் சரித்திரத்தில் ஒரு புதிய அத்தியாயத்துக்கு வித்தாயிற்று என்பதும் உண்மை.

அவர் கண்டது யாது? ஆக்ஸ்போர்டில் 1800-ஆம் ஆண்டின் பரீட்சைச் சட்டத்துக்குப் பின், சாதாரணப் பட்டம் ஒன்றும் ஆனர்ஸ் எனப்படும் கௌரவப் பட்டம் ஒன்றுமாகப் படிப்பு இரண்டு கிளைகளாகப் பிரிந்து வளர்ந்துவந்தது. ஆனர்ஸ் மாணாக்கன் வாரந்தோறும் தன் ஆசிரியரிடம் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு போய் அதை உரக்கப் படித்துக் காட்டுவான். ஆசிரியர் குறுக்கிட்டுக் கேள்வி கேட்பார், மறுப்பார், மேலும் படிக்கவேண்டிய நூலைச் சொல்லி அனுப்புவார். சொற்பொழிவுகளுக்குப் போவதும் போகாததும் அவன் விருப்பம். இறுதியில் பல தாள்கள் கொண்ட ஒரு பெரும் பரீட்சை. அந்தப் பரீட்சையை நடத்துவது அவனுக்குக் கற்பித்த ஆசிரியரன்று, சர்வகலாசாலை நியமிக்கும் பரீட்சகர் குழு. கற்பிப்பது கலாசாலையின் வேலை, சோதிப்பது சர்வகலாசாலையின் வேலை என்று இரண்டும் இரண்டு கைகளில் இருந்தன.

தாயகம் திரும்பிய ஏடலாட் முதலில் இந்தியானாவிலும் பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றினார். பொறியியல் படிக்க வந்த பிள்ளைகளுக்கு இலக்கணப் பயிற்சியை மட்டும் கொடுத்து அனுப்பாமல், சிந்திக்கவும் சிந்தித்ததை எழுதவும் பழக்கினார் என்பது அவருடைய அக்காலக் கீர்த்தி. 1917-இல் தம் ஆக்ஸ்போர்டு அநுபவத்தை அடிப்படையாகக் கொண்ட கட்டுரைகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு முதல் ரோட்ஸ் தர்மகர்த்தர்களின் அமெரிக்கக் காரியதரிசியாகவும் அமர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியை வகித்தார். இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாடு முழுவதிலும் உள்ள கெட்டிக்கார இளைஞர் யார், அவர்களை உருவாக்கும் ஆசிரியர் எங்கெங்கே இருக்கிறார்கள், ஆக்ஸ்போர்டிலிருந்து திரும்பியவர்கள் எந்த எந்தக் கலாசாலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள் என்னும் விவரமெல்லாம் அறிந்த மனிதர் அமெரிக்காவில் அந்நாளில் ஒருவர் உண்டென்றால் அவர் ஏடலாட்டே. ஸ்வார்த்மோர் போன்ற சிறிய இடத்திலிருந்துகொண்டு அவர் பெரிய காரியம் செய்ய முடிந்ததற்கு இந்தப் பரிச்சயமே பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

ஸ்வார்த்மோர், குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவ நண்பர் சங்கத்தார் 1864-இல் ஸ்தாபித்த கலாசாலை. தொடக்கத்திலிருந்தே ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த இடம். ஏடலாட் வந்தபோது அதன் பெயர் பந்தாட்ட மைதானத்தில் ஒலித்த அளவுக்குப் படிப்பறையில் ஒலிக்கவில்லை. இளமையில் தாமும் பந்தாட்டக் குழுவில் ஆடியவராதலால் விளையாட்டின் மேல் அவருக்குப் பகை இல்லை. ஆனால் கலாசாலையின் ஆண்டுக்கணக்கையே பந்தாட்டம் நிர்ணயிப்பதை அவர் சகிக்கவில்லை. மெல்ல மெல்ல அதன் ஆதிக்கத்தைத் தணித்தார். அதோடு, ரோட்ஸ் முறையைப் பின்பற்றி, குணமும் அறிவும் ஒருங்கே உடைய இளைஞரைத் தேர்ந்து அழைக்கத் திறந்த உபகாரச் சம்பளங்களையும் ஏற்படுத்தினார்.

1922-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆனர்ஸ் படிப்பு தொடங்கிற்று. முதலில் ஆங்கில இலக்கியத்திலும் சமூக சாஸ்திரங்களிலும் மட்டுமே. மற்றத் துறைகள் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முதல் இரண்டாண்டு எல்லோரையும் போலவே படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் தாமாக விரும்பியவரும் ஆசிரியரால் தகுதியுடையவர் என்று ஏற்கப்பட்டவருமான மாணாக்கர் அதில் சேர்வார்கள். சேர்ந்தவுடன் அவர்களுக்கு வருகைப் பதிவு இல்லை, மணிக்கணக்கு இல்லை, பருவப் பரீட்சையும் மதிப்பெண்ணும் இல்லை. பருவத்துக்கு இரண்டு செமினார்கள் மாத்திரம். ஒவ்வொரு செமினாரும் வாரம் ஒருமுறை கூடும். ஐந்தாறு மாணாக்கர், அநேகமாக ஆசிரியரின் வீட்டுக் கூடத்திலேயே அமர்ந்து, தாம் எழுதிக்கொண்டு வந்த கட்டுரைகளைப் படிப்பார்கள். மற்றவர் அவற்றைப் பிய்த்து ஆராய்வார்கள். நடுவில் தேநீரும் பலகாரமும் வரும். மூன்று மணி நேரமென்று தொடங்கிய பேச்சு நான்கைக் கடந்தும் நீளும். ஆக்ஸ்போர்டில் ஓராசிரியருக்கு ஒரு மாணாக்கன் என்றிருந்த முறையை ஏடலாட் அப்படியே பெயர்த்து நடவில்லை. அதற்கு வேண்டிய ஆசிரியர் பலம் அவரிடம் கிடையாது. அன்றியும், சகமாணாக்கன் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லத் திணறுவதில் ஒரு தனிப் பயிற்சி இருக்கிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இரண்டாண்டு இப்படிக் கழிந்தபின், நான்காம் ஆண்டின் முடிவில், பரீட்சை. அதற்கு வினாத்தாள் எழுதியவர் ஸ்வார்த்மோர் ஆசிரியரல்லர். பிற சர்வகலாசாலைகளிலிருந்து அந்த அந்தத் துறையில் பெயர்பெற்றவர்களை வரவழைத்தார்கள். ஒவ்வொரு செமினாருக்கும் அதன் ஆசிரியர், இன்னின்ன பொருள் பற்றிப் பேசினோம், இன்னின்ன நூல்களைப் படித்தோம் என்று ஒரு குறிப்பை வெளிப் பரீட்சகருக்கு அனுப்புவார். அதைக்கொண்டு அவர் மூன்று மணி நேரத் தாள் ஒன்றைத் தயாரித்து அனுப்புவார். விடைகளைத் திருத்தியபின் நேரிலேயே ஸ்வார்த்மோருக்கு வந்து ஒவ்வொரு மாணாக்கனையும் அழைத்து வைத்து வாய்மொழியாகச் சோதிப்பார். ஆனர்ஸ், உயர் ஆனர்ஸ், மிக உயர் ஆனர்ஸ் என்னும் மூன்று படிகளில் யாருக்கு எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் முழுதும் வெளியாருடையதே. இரண்டாண்டுகள் கூடவே இருந்து கற்பித்த ஆசிரியருக்கு அதில் வாக்கு இல்லை.

சென்னைச் சர்வகலாசாலையின் நிழலில் படித்து வந்த தமிழ் வாசகர் இந்த இடத்தில் புன்னகை செய்தால் அதில் வியப்பில்லை. வெளிப் பரீட்சகர் என்பவர் நமக்கு ஒரு புதுமையா? 1857-இல் லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்ட நாள் முதலாகவே, கற்பிப்பவை கலாசாலைகள், சோதிப்பது சர்வகலாசாலை என்னும் பிரிவினை நமக்கு விதிக்கப்பட்டிருந்தது. முகமறியாத ஒருவர் எழுதிய வினாத்தாளுக்கு முகமறியாத இன்னொருவர் திருத்தப்போகும் விடைகளை எழுதி நம்மவர் நூறாண்டு காலம் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். இன்டர்மீடியட்டுக்குப் பின் மூன்றாண்டு படிக்கும் ஆனர்ஸ் வகுப்பும் நமக்குப் புதியதன்று. அதில் தேறியவர் பின்னால் வேறு பரீட்சை எழுதாமல் கட்டணம் மாத்திரம் செலுத்தி எம்.ஏ. என்று போட்டுக்கொண்ட வழக்கத்தையும் பெரியவர்கள் அறிவார்கள். அப்படியானால் அமெரிக்காவில் புரட்சி என்று பேசப்பட்ட ஒன்று நம் ஊரில் ஏன் அந்தப் பயனைத் தரவில்லை?

இந்த வினாவைச் சற்று நின்று ஆராய்வது தகும். வெளியார் சோதிக்கும்போது ஆசிரியரும் மாணாக்கனும் ஒரே கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள் என்பது இரண்டு இடங்களிலும் உண்மை. ஸ்வார்த்மோரில் அந்தக் கூட்டு, ஆசிரியரை நீதிபதி ஸ்தானத்திலிருந்து இறக்கித் தோழர் ஸ்தானத்தில் அமர்த்தியது; அவருடைய அபிப்பிராயத்தை அவரிடமே திருப்பிச் சொல்லி மதிப்பெண் வாங்கும் தந்திரம் அங்கே செல்லாது, ஏனென்றால் மதிப்பெண் அவர் கையில் இல்லை. சென்னையிலோ அந்தக் கூட்டே நோட்ஸ் என்றும் முக்கிய வினாக்கள் என்றும் உருவெடுத்தது. வேறுபாடு பரீட்சகரிடத்தில் அன்று, பாடத்திட்டத்திலே இருந்தது. ஸ்வார்த்மோரில் எதைப் படிப்பது என்பதை வகுத்தவர் கற்பித்த ஆசிரியர்; பரீட்சகர் அந்த வகுப்புக்கு இணங்கிக் கேள்வி கேட்டார். நம்மிடமோ எதைப் படிப்பது என்பதும் மேலிருந்து அச்சடித்து வந்தது. ஆயிரக்கணக்கானவருக்கு ஒரே தாள். ஆசிரியருக்கு எஞ்சியது அந்தத் தாளில் எது வரும் என்று ஊகித்துச் சொல்லும் வேலைதான். மேலும், எழுதிய விடைக்குப் பின் எதிரே உட்கார வைத்து, இப்படி எழுதினாயே, இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கும் வாய்மொழிப் பரீட்சை ஸ்வார்த்மோரில் மனப்பாடத்துக்கு ஒரு நிச்சயமான மருந்தாக இருந்தது. இதை எல்லாம் சொல்வதால் நம்முடைய ஆனர்ஸ் வகுப்புக்கள் வீண் என்று யாரும் கொள்ளவேண்டாம். சென்னை ராஜதானிக் கலாசாலையில் பௌதிக ஆனர்ஸ் மாணாக்கராக இருந்தபோதே, 1928-இல் நகருக்கு வந்த ஜெர்மன் அறிஞர் சாமர்ஃபெல்டைச் சந்தித்துப் புதிய பௌதிகத்தின் போக்கை அறிந்து, மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் கட்டுரை வெளியிட்டவர் சு. சந்திரசேகர். ஆயினும் அவர் அதைக் கற்றது பாடத்திட்டத்துக்கு வெளியே என்பதையும் கவனிக்கவேண்டும்.

ஸ்வார்த்மோருக்கு மீள்வோம். ஏடலாட்டின் திட்டத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. ஐந்து பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஐம்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்பதைப் போலச் செலவு குறைந்த காரியமன்று. ராக்ஃபெல்லர் தர்மப் பொருளைக் கொண்டு இயங்கிய பொதுக் கல்விச் சபை அதற்கு உதவிற்று. அச்சபையில் இருந்த ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர், அமெரிக்க மருத்துவக் கல்வியைத் தம் 1910-ஆம் ஆண்டு அறிக்கையினால் தலைகீழாகத் திருத்தியவர், ஏடலாட்டின் பெரிய ஆதரவாளர். பின்னாளில் பிரின்ஸ்டனில் உயர் ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவி ஐன்ஸ்டைனை அங்கே அழைத்து வந்த ஃப்ளெக்ஸ்னர், 1939-இல் அதன் தலைமையை விட்டு விலகியபோது அந்த நாற்காலியில் அமர்ந்தவரும் ஏடலாட்டே.

ஜனநாயக நாட்டில் ஒரு சிலரைப் பொறுக்கி எடுத்துத் தனியே போஷிப்பது முறையா என்ற ஆட்சேபம் முதல் நாளிலிருந்தே எழுந்தது. ஒவ்வொருவனும் தன்னால் இயன்ற அளவு உயர இடங்கொடுப்பதுதான் ஜனநாயகம், எல்லோரையும் ஒரே வேகத்தில் நடத்துவது அன்று என்பது ஏடலாட்டின் விடை. பின்னாளில் 1944-இல், நாடெங்கும் ஆனர்ஸ் முயற்சிகள் எவ்வாறு பரவின என்று ஆராய்ந்து வெளியிட்ட தம் நூலுக்கு அவர் கொடுத்த தலைப்பே, கைதிகளைப் போல் ஒருவர் பின் ஒருவராகக் காலெடுத்து வைக்கும் நடையைத் தகர்ப்பது என்னும் பொருளுடையது. அந்த விடை எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. தகுதி என்று நாம் அளப்பதில் வீட்டு வசதியும் பள்ளிக்கூட வசதியும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. ஆனால் ஏடலாட்டின் காலத்தில் அந்தக் கேள்வியை அவ்வளவு கூர்மையாகக் கேட்டவரும் சிலரே.

இனி, இந்த முயற்சிகள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்ட கதைக்கு வருவோம். 1924-இல் ஏடலாட், அமெரிக்கக் கலாசாலைகளில் ஆனர்ஸ் படிப்பு எங்கெங்கே எவ்வாறு நடக்கிறது என்று விசாரித்து எழுதிய அறிக்கையைத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு பிரசுரமாக வெளியிட்டது; அடுத்த ஆண்டே அதைத் திருத்தி மறுபதிப்புச் செய்ய நேர்ந்தது. அதே 1925-இல் அயோவா சர்வகலாசாலையில் இப்பொருள் குறித்து ஒரு மகாநாடும் கூடிற்று. இவற்றின் பயனாக, தங்கள் ஊரில் மட்டுமே நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்த பரிசோதனை வேறு பல ஊர்களிலும் நடக்கிறது என்பதை ஆசிரியர்கள் அறிந்துகொண்டார்கள். ஆனால் அந்த அறிமுகம் ஒரு நிலையான அமைப்பாகத் திரளவில்லை. பொருளாதார மந்தமும் அதன்பின் இரண்டாம் மகாயுத்தமும் வந்தன. இளைஞர் போர்முனைக்குப் போனபோது செமினார்கள் பல இடங்களில் கலைந்தன. போர் முடிந்து திரும்பியவர்களைக் கலாசாலைக்கு அனுப்ப 1944-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இருபது லட்சத்துக்கு மேற்பட்ட போர்வீரர்கள் கல்லூரிகளில் நுழைந்தார்கள். சர்வகலாசாலைகள் பட்டாளக் கொட்டகைகளிலும் வகுப்பு நடத்தின. அத்தகைய நெருக்கடியில் ஐந்து பேருக்கு ஒரு வகுப்பு என்று பேசுவதே விரயமாகப் பட்டது.

அந்த நெருக்கடிக்குள்ளிருந்து கிளம்பிய மனிதர் ஜோசப் கோஹென். கொலராடோ சர்வகலாசாலையில் தத்துவ சாஸ்திரப் பேராசிரியர். ராக்கி மலைச்சாரலில் போல்டர் நகரத்தில் இருந்த அந்தச் சர்வகலாசாலை, அரசாங்கப் பணத்தில் நடக்கும் பெரிய ஸ்தாபனம். ஸ்வார்த்மோரைப் போல வாயிலில் நின்று சிலரை மட்டும் உள்ளே விடும் வசதி அதற்குக் கிடையாது. நூற்றுக்கணக்கானவர் கேட்கும் சொற்பொழிவு மண்டபத்தில் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் கூரிய புத்தியுடைய பிள்ளையை முதல் ஆண்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கோஹெனின் பிரச்சினை. ஏடலாட்டின் முறையில் மாணாக்கன் மூன்றாம் ஆண்டில் தெரிந்தெடுக்கப்படுவான்; பெரிய அரசாங்கச் சர்வகலாசாலையில் அதுவரை காத்திருந்தால் அவன் சோர்ந்து போயிருப்பான், அல்லது படிப்பையே விட்டுப் போயிருப்பான். ஆகவே, நுழையும்போதே அடையாளங் கண்டு, நான்காண்டும் கூடவே இருந்து வழிநடத்தி, முதல் இரண்டாண்டில் பல துறைகளையும் தழுவிய பொதுவான ஆனர்ஸ் வகுப்புக்களிலும் பின்னிரண்டாண்டில் தன் துறையிலும் உழைக்கச் செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. அப்படிச் சிலரைத் தூண்டிவிட்டால் அந்தத் தூண்டுதல் மற்ற வகுப்புக்களுக்கும் பரவும், ஆசிரியரும் விழித்துக்கொள்வார் என்றும் அவர் நம்பினார். சட்டசபையில் வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பவர்களுக்குச் சொல்லத்தக்க நியாயமும் அதுவாகவே இருந்தது.

கோஹென் தம் சர்வகலாசாலையோடு நின்றுவிடாமல் ஊர் ஊராகச் சென்று பார்த்தார். பார்த்த இடங்களிலெல்லாம் ஓர் ஆசிரியர், அல்லது இருவர், துணையின்றித் தனியே பாடுபட்டுக்கொண்டிருப்பதைக் கண்டார். ஒருவர் செய்த தவற்றை மற்றவர் மறுபடி செய்துகொண்டிருந்தார். 1957 ஜூன் மாதம் ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தின் உதவியோடு போல்டரில் ஒரு மகாநாடு கூட்டப்பட்டது. ஏடலாட் அதற்கு ஆறு மாதம் முன்பு, 1956 டிசம்பரில், காலமாகிவிட்டார். அம்மகாநாட்டிலிருந்து சிறந்த மாணாக்கருக்கான சர்வகலாசாலைகளிடைக் குழு பிறந்தது. கார்னகி தர்ம ஸ்தாபனம் அதற்குப் பொருள் உதவிற்று. கோஹென் அதன் இயக்குநரானார்.

ஸ்புட்னிக் பறந்தது 1957 அக்டோபர் 4-ஆம் தேதி. ருஷ்யர் முந்திக்கொண்டார்கள் என்ற கலக்கத்தில்தான் அமெரிக்கா தன் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடத் தொடங்கியது என்று பலரும் எழுதிவருகிறார்கள். போல்டர் மகாநாடு அதற்கு நான்கு மாதம் முந்தியது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. மிச்சிகன் மாகாணச் சர்வகலாசாலை தன் ஆனர்ஸ் கலாசாலையைத் தோற்றுவித்தது அதற்கும் முன்னே, 1956-இல்; சிறப்பாகத் தேறும் மாணாக்கன் வழக்கமான கட்டாயப் பாடங்களிலிருந்து விடுபட்டு, ஆசிரியர் ஒருவரின் ஆலோசனைப்படி தன் படிப்பைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்ற துணிகரமான ஏற்பாடு அங்கே இருந்தது. ஸ்புட்னிக் செய்தது, ஏற்கனவே எரிந்துகொண்டிருந்த நெருப்புக்குப் பணமும் பரபரப்பும் சேர்த்ததுதான். 1958 செப்டம்பரில் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. தேர்ந்த மாணாக்கர் என்ற பேச்சுக்குச் சட்டசபைகளில் ஒரு புது மரியாதை வந்தது. அந்த மரியாதையோடு, பிள்ளைகளின் அறிவை ராணுவச் சரக்காகக் கருதும் ஒரு நோக்கும் கலந்து வந்ததை மறைக்கவேண்டியதில்லை.

குழு செய்த வேலைகளுள் மிகவும் பயனுடையது அதன் செய்தி ஏடே என்பேன். 1958 முதல் வெளிவந்த அந்த ஏட்டில், ஒரு சர்வகலாசாலை தன் ஆனர்ஸ் மாணாக்கரை எப்படித் தெரிந்தெடுக்கிறது, எந்த நூல்களை வைத்திருக்கிறது, எந்த ஏற்பாடு தோற்றுப்போயிற்று என்பதெல்லாம் வெளிப்படையாக எழுதப்பட்டன. குழுவைச் சேர்ந்தவர்கள் அழைத்த இடங்களுக்குச் சென்று, பார்த்து, யோசனை சொன்னார்கள். 1961-இல் ஒரு முழுமையான ஆனர்ஸ் ஏற்பாட்டில் இருக்கவேண்டிய பதினாறு அம்சங்களைத் தொகுத்தும் வெளியிட்டார்கள். புதிதாகத் தொடங்க விரும்பிய கலாசாலைக்கு அது ஒரு கையேடாகப் பயன்பட்டது. ஒரிகான் சர்வகலாசாலை 1960-இல் தன் ஆனர்ஸ் கலாசாலையைத் திறந்தது. பிற மாகாணச் சர்வகலாசாலைகள் பலவும் அந்த வரிசையில் சேர்ந்தன.

ஆயினும் இவ்வளவு பரவலில் ஒன்று விடுபட்டுப் போயிற்று. சிறு வகுப்புப் பரவியது. முன்கூட்டியே தெரிந்தெடுத்தல் பரவியது. தனி ஆலோசகர், தனி விடுதி, பட்டத்தில் பொறிக்கும் தனிக் கௌரவம் எல்லாம் பரவின. ஏடலாட்டின் ஏற்பாட்டுக்கு உயிர்நாடியாக இருந்த வெளியூர்ப் பரீட்சகர் மட்டும் பெரும்பாலும் பரவவில்லை. காரணங்கள் தெளிவு. ஆயிரம் மாணாக்கருக்கு வெளியூர் அறிஞரை வரவழைத்து வாய்மொழியாகச் சோதிக்கப் பணம் ஏது, நாள் ஏது? பல துறைகளைக் கலந்து நடத்தும் பொது ஆனர்ஸ் வகுப்புக்கு எந்தத் துறை அறிஞரை அழைப்பது? எலியட் காலத்து மணிக்கணக்கையும் மதிப்பெண்ணையும் முற்றும் விட்டுவிடப் பதிவாளர் அலுவலகங்களும் இசையவில்லை. ஆனர்ஸ் வகுப்பும் அந்தக் கணக்கிலேயே இன்னொரு வரியாக ஏறிற்று. கோஹெனுடைய நிலையில் இருந்த எவரும் வேறு விதமாகச் செய்திருக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியரைத் தோழராக்கிய அந்த ஒரு மாற்றம் இல்லாமல், கெட்டிக்கார மாணாக்கனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அதே உணவின் சற்று நயமான பரிமாறலாகவே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்வார்த்மோரில் அந்தப் பரீட்சகர் வருகை, எத்தனையோ மாறுதல்களுக்கு இடையிலும், விடாமல் தொடர்ந்தது.

தர்ம ஸ்தாபனங்களின் பணத்துக்கு எல்லை உண்டு. 1965-இல் குழு கலைந்தது. கோஹென் அதன் அநுபவங்களைத் தொகுத்த நூலை மறு ஆண்டு பதிப்பித்தார். கலைந்த குழுவில் பழகியவர்கள் ஒருவரையொருவர் விட்டுவிட மனமின்றித் தேசியக் கல்லூரி ஆனர்ஸ் கவுன்சில் என்னும் புதிய அமைப்பைத் தோற்றுவித்து, 1966 அக்டோபரில் கான்சாஸ் மாகாணத்து லாரன்ஸ் நகரில் அதன் முதல் ஆண்டு மகாநாட்டை நடத்தினார்கள். இது எந்தச் செல்வரின் உயிலையும் நம்பாமல், உறுப்பினர்களின் சந்தாவை நம்பி நடக்க முற்பட்டது. அந்தக் கவுன்சில் பத்தாண்டுக்குப் பின், நாட்டின் இருநூறாம் ஆண்டு விழாவின்போது, பல கலாசாலைகளின் ஆனர்ஸ் மாணாக்கரை வாஷிங்டன் நகரத்தில் ஒரு பருவம் முழுதும் சேர்த்து வைத்து, நகரத்தையே பாடநூலாகக் கொண்டு படிக்கச் செய்த கதையை அடுத்த பகுதியில் சொல்லுவோம்.

(தொடரும்)